இடியும் என் கட்டைவிரலும்

கத்திரி வெயில் காலத்தில் எங்கள் வீட்டுக் குழாயை மாலை நான்கு மணிக்குத் திறந்தால் வெந்நீர்தான் வரும். ஸ்ரீரங்கத்தில் இருபத்தாறு வருடமாக அதே வீடு, அதே மாடித் தொட்டி, அதே குழாய். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கையைச் சுட்டுக்கொண்டு, "என்ன இது, இப்படிக் கொதிக்குது?" என்று புதிதாகக் கண்டவன் மாதிரிக் கேட்பேன். இந்த வருடம் அப்படிக் கேட்டது பதினோரு தடவை. என் மனைவி எண்ணிச் சொன்னாள்.

வழக்கமாக எண்ணுகிறவன் நான். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்தேன். சங்கிலி போட்டு அளந்து, கல் எண்ணி, வரப்பு வரப்பாக நடந்த பழக்கம் ஓய்வு பெற்றபின்னும் போகவில்லை. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் மட்டும் நாங்கள் இருவரும் சாப்பிட்ட நொங்கு அறுபத்திரண்டு. அதில் முற்றிப்போனவை ஒன்பது. கரண்ட் போனது பதினேழு தடவை. காவேரியில் தண்ணீர் கிடையாது. மணலில் பட்டு வரும் காற்று ஜன்னல் வழியாக நுழைந்து, காத்தாடிக்குக் கீழே படுத்திருப்பவனின் முகத்தில் அடுப்புக் காற்று போல இறங்கும்.

இதெல்லாம் வெளிக் கணக்கு. அந்த நோட்டில் யாருக்கும் காட்டாத ஒரு பக்கமும் இருந்தது. அது என் மனைவியின் காதைப் பற்றியது.

பங்குனி கடைசியில் ஒருநாள் அவள் கீரை வாங்கத் தெருவைக் கடந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். பின்னால் ஒரு ஆட்டோ வந்தது. ஹார்ன் மூன்று தடவை அடித்தான். அவள் திரும்பவில்லை. பிரேக் போட்டு, புடவைத் தலைப்புக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்திவிட்டு, "ஏம்மா, காது கேக்காதா?" என்று கத்தினான். அவள் அப்போதும் நிதானமாக நடந்து போய், முளைக்கீரையைத் தூக்கிப் பார்த்து விலை கேட்டாள். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து சோதிக்க ஆரம்பித்தேன். அவளுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுவேன். இருபது தடவை கூப்பிட்டதில் பதினொன்றுக்குத்தான் திரும்பினாள். அதையும் எழுதினேன். பிறகு மெதுவாக, "தில்லை நகர்ல காது டாக்டர் ஒருத்தர் இருக்காராம், போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்றேன்.

"எதுக்கு? உங்களுக்கு என்ன காதுல?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான்."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. உங்க குரல்தான் உள்ள போயிடுச்சு. ரிட்டையர் ஆனதுலேருந்தே அப்படித்தான். முணுமுணுன்னு பேசுறீங்க."

நான் எதையும் சட்டென்று நம்பிவிடுகிறவன் இல்லை. ஆனால் என் உடம்பைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் உடனே நம்பிவிடுவேன். மறுநாளே உப்புத் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கினேன். காலையில் பத்து வாய், மாலையில் பத்து வாய். இரண்டு வாரம் ஆனது. குரல் கனத்ததோ இல்லையோ, நாக்கு புண்ணானது. பயமும் போகவில்லை. அடுத்த ஆட்டோக்காரன் நேரத்தில் பிரேக் போடாவிட்டால்? நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டால்? இந்த இரண்டு கேள்வியையும் புழுக்கத்தில் புரண்டு படுக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டேன்.

வைகாசி பாதியில் மகள் போன் செய்தாள். அவள் பச்சைமலையில் நர்ஸ். மலைமேலேயே குடியிருப்பு. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். "அங்க வெந்து சாகாதீங்க. ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாம்" என்றாள். மனைவி அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள்.

துறையூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று எண்ணத் தயாராக ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நான் எண்ணுவது விரலில். வலது கைக் கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்து ஆரம்பித்து, விரலுக்கு மூன்றாக மேலே நகர்த்திக்கொண்டே வந்தால் ஆள்காட்டி விரல் நுனியில் பன்னிரண்டு முடியும். எட்டாவது வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மனைவி பயந்து என் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு விடவேயில்லை. அந்தப் பாதையில் மொத்தம் எத்தனை வளைவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மலை என்றால் குளிர் என்று நான் நினைத்திருந்தது தவறு. முதல் நான்கு நாளும் அங்கேயும் வெயில் காய்ச்சியது. மரவள்ளிக் காட்டில் செம்மண் வெடித்துக் கிடந்தது. பலாமரத்து நிழலில் ஆடுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நான் கேட்டது ஆறு தடவை. இதை மகள் எண்ணினாள். எங்கள் வீட்டில் இந்த நோய் தொற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் காற்று நின்றது. இலை அசையவில்லை. மேற்கே மலைமுகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பியது. முதலில் வெள்ளை, பிறகு சாம்பல், அரைமணியில் எருமை நிறம். மூன்று மணிக்கு முதல் மின்னல் வெட்டியது.

இந்த இடத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்தப் பெயரைச் சொன்னால் இடி நம்மேல் விழாது என்பார்கள். என் மனைவி முசிறிக்காரி. ஆற்றங்கரை வாழைத்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். இடியென்றால் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே நடுக்கம். கல்யாணமாகி வந்த வருடம் ஐப்பசி மழையில் அவள் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பள்ளிக்கூடப் படிப்பைக் காட்டினேன். மின்னல் தெரிந்ததும் எண்ண வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பது வந்தால் இடி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க எண்ணுங்க, நான் அர்ஜுனா சொல்றேன். எது காப்பாத்துதோ காப்பாத்தட்டும்" என்றாள். நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான். மின்னல் வரும், என் கட்டைவிரல் கணுக்களின் மேல் நகரும், இடி வரும், விரல் நிற்கும், அவள் "அர்ஜுனா" என்பாள்.

அன்று தாழ்வாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல என் வலப்பக்கத்து நாற்காலியில். எனக்குத் திடீரென்று தோன்றியது: டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறவளுக்கு இதைவிட நல்ல பரிசோதனை ஏது? பக்கத்தில் விழும் இடி செவிடனுக்கும் கேட்கும். தூரத்தில் முனகும் இடி கேட்கிறதா என்று பார்த்தால் போதும். சரியான நேரத்துக்கு அர்ஜுனா வந்தால் காது சரி.

மின்னியது. எண்ணினேன். பதினொன்றில் மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பெட்டியை இழுத்த மாதிரி மெல்லிய உறுமல்.

"அர்ஜுனா" என்றாள்.

மறுபடி மின்னியது. எட்டு. "அர்ஜுனா." அடுத்தது பத்து. "அர்ஜுனா." அன்றும் மறுநாளுமாக ஒன்பது தூரத்து இடிகள். ஒன்பதுக்கும் ஒரு நொடி பிசகாமல் சொன்னாள். மழை வரும்போல் மிரட்டிவிட்டு இரண்டு நாளும் நாலு துளியோடு போய்விட்டது. ஆனால் எனக்குள் குளிர்ந்துவிட்டது. நோட்டை எடுத்து, அந்த ரகசியப் பக்கத்தில் "காது சரி. குறை என் குரலில்தான்" என்று எழுதிக் கோடு இழுத்தேன். அவளிடம் போய், உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்புதான் என்று நேராகவே சொன்னேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், "போகட்டும், விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் அடுப்படியிலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் அர்த்தம் புரியவில்லை. அன்று மாலையும் உப்புத் தண்ணீர் பத்து வாய் கொப்பளித்தேன்.

ஏழாம் நாள்தான் மழை உண்மையாகவே வந்தது. இரண்டு மணிக்குக் காற்று திசை மாறியது. முகட்டிலிருந்து சரிவு வழியாக ஒரு சத்தம் இறங்கி வந்தது. மரங்களா மழையா என்று தெரியுமுன் முற்றம் நனைந்து, செம்மண் வாசனை எழுந்து, தகரக் கூரைமேல் ஆயிரம் பேர் அரிசி கொட்டிய மாதிரி ஆனது. கால்மணியில் அது தூறலாக அடங்கியது. அதற்குள் நாற்பது நாளாக உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்த வெயில் கழன்று விழுந்ததைப் போலிருந்தது. வியர்க்குரு எரிச்சல் நின்றது. முழங்கையில் மயிர் சிலிர்த்தது. கத்திரி தொடங்கியதிலிருந்து முதல்முறையாக எனக்குக் குளிர்ந்தது.

"பாப்பா, போர்த்திக்க ஏதாவது குடு" என்றேன்.

"ஸ்ரீரங்கத்துல வேகுதுன்னீங்க, இங்க குளிருதா? உங்களுக்கு எதுதாம்ப்பா ஒத்துக்கும்?" என்று மகள் தன் சால்வையை எறிந்தாள். கழுத்து வரை போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். மனைவி வலப்பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

மழை கிழக்கே நகர்ந்திருந்தது. அந்தப் பக்கம் மின்னியது. சால்வைக்குள் எண்ணினேன். ஒன்பதில் இடி. தெளிவான இடி, நீளமாக உருண்டது. உள்ளே மகள்கூட "அர்ஜுனா" என்று முனகினாள்.

மனைவி பேசாமல் இருந்தாள்.

ஏதோ யோசனையில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடி மின்னியது. எட்டில் இடி. அவள் மலையைப் பார்க்கவில்லை. என் மடியை, சால்வையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடிச்சுதே" என்றேன்.

"கையை வெளிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்களேன். என்ன பெரிய குளிர்?"

எடுத்து மடிமேல் வைத்தேன். மின்னியது. கட்டைவிரல் சுண்டுவிரல் அடியிலிருந்து கிளம்பி நகர்ந்தது. ஏழாவது கணுவில் இடி வந்தது, விரல் நின்றது. "அர்ஜுனா" என்றாள், துல்லியமாக. அவள் கண் என் கட்டைவிரலில் இருந்தது.

அடுத்த மின்னலுக்கு நான் வேண்டுமென்றே விரலை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். இடி வந்து, உருண்டு, அடங்கியும் போனது. விரல் பன்னிரண்டைத் தாண்டி மறுபடி சுண்டுவிரலுக்கு வந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அது எப்போது நிற்கும் என்று குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறை என் குரலில் இல்லை.

அவள் கையைத் தொட்டு, முகத்தை என் பக்கம் திருப்பி, "எத்தனை நாளா?" என்றேன், உரக்க.

மாட்டிக்கொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. "கத்தாதீங்க" என்றாள். பிறகு, "போன கார்த்திகையிலேருந்து. இடப்பக்கம் சுத்தமா இல்ல. வலப்பக்கம் கொஞ்சம் இருக்கு."

"பொங்கலுக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா" என்று மகள் வாசற்படியில் வந்து நின்றாள். "நானே அப்பாகிட்ட சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மாசா மாசம் கேப்பேன். சொல்றேன் சொல்றேன்னுதான் பதில்."

"இத்தனை நாளா என்னை உப்புத் தண்ணி கொப்பளிக்க விட்டியே!"

"தொண்டைக்கு நல்லதுதானே" என்றாள் மனைவி.

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் மறைச்ச?" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சொன்னா என்ன பண்ணுவீங்க? தினமும் கூப்பிட்டுப் பாத்து, இன்னைக்கு எத்தனை கேட்டுது, எத்தனை கேக்கலன்னு கட்டம் போட்டு எழுதுவீங்க. அந்த நோட்டுல நொங்குக்கு அடுத்த பக்கத்துல நான் ஏறணுமா?"

உண்மையில் அது நொங்குக்கு முந்திய பக்கம்.

"ரோட்டுல அந்த ஆட்டோ…" என்று தொடங்கினேன். "நான் வாசல்ல நின்னு பாத்தேன். ஒரு முழம்தான் இருந்துது. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. நான் பாத்ரூம்ல விழுந்து கூப்பிட்டாகூட உனக்குக் கேக்காது."

"நீங்க விழுந்தா கூப்பிட வேண்டாம். ரெண்டு நிமிஷம் என் கண்ணு முன்னாடி வந்து பொலம்பலைன்னாலே, என்னாச்சுன்னு தேடிட்டு வந்துடுவேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "ஆட்டோ வந்தது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நெஜமா."

ஹார்ன், பிரேக், அவன் கத்தல் எதுவுமே அவளுக்குள் போகவில்லை. அந்த நிதானத்தை நான் இரண்டு மாதமாகப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

"டாக்டர்கிட்ட போவோமா?" என்றேன்.

"நோட்டை எடுத்துட்டு வரக்கூடாது."

"சரி."

ஆனி முதல் வாரம் கீழே இறங்கினோம். தில்லை நகர் டாக்டர் பார்த்துவிட்டு, பரிசோதனை செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். கண்ணாடி வைத்த சின்ன அறையில் மனைவியை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்கம்மா" என்று சைகையோடு சொன்னாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தேன். நோட்டு இல்லை. செய்ய ஒன்றுமில்லாமல் மேற்கூரையைப் பார்த்தேன். சதுரச் சதுரமாகப் பலகைகள்.

அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "என்ன சார் இது? நான் இன்னும் சத்தமே குடுக்கல. அம்மா அமுக்கிட்டே இருக்காங்க." திரும்பி என் கையைப் பார்த்தாள். "நீங்க என்ன பண்றீங்க?"

"சும்மா… சீலிங் பலகை எண்ணிட்டிருக்கேன்."

"வெளிய போய் எண்ணுங்க சார்."

கண்ணாடிக்குள் மனைவி பட்டனைப் பிடித்துக்கொண்டு, நான் ஏன் எழுந்து போகிறேன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை என்று பிறகு சொன்னாள். என் விரலைப் பார்த்தே பழகிவிட்டதாம்.

முடிவு அவள் சொன்னதுதான்: இடப்பக்கம் போய்விட்டது, வலப்பக்கம் கருவி வைத்தால் கேட்கும். பத்து நாளில் காது மெஷின் வந்தது. முதல் நாள் அவள் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்தாள். காத்தாடி இப்படிக் கத்துமா? நீங்கள் காப்பியை இப்படி உறிஞ்சுவீர்களா? "இவ்வளவு நாள் நிம்மதியா இருந்தேன்" என்றாள். கீரைக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டு போனாள். நான் வாசலில் நிற்பதைத் திரும்பிப் பார்த்து, காதைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தெருவில் இறங்குவாள்.

ஆடி கடைசியில் ஒருநாள் மாலை ஐந்து மணிக்குக் கொள்ளிடத்துப் பக்கம் வானம் கறுத்தது. மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தோம், அவள் என் வலப்பக்கம். காதில் மெஷின் இருந்தது. ஆனாலும் கண் பழைய இடத்துக்கே போனது. மின்னியது. கட்டைவிரல் கிளம்பியது.

மலைமேல் விரலை ஓடவிட்டு அவளைக் காக்கவைத்தது எனக்கு அப்போது நினைவு வந்தது. இந்தத் தடவை ஐந்தாவது கணுவிலேயே நிறுத்தினேன். இடி வரவில்லை.

அவள் வாய் திறந்தது. அப்படியே நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"இன்னும் இடிக்கலியே. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

அதற்குள் திருவானைக்காவல் பக்கமாகத் தொடங்கி நீளமாக ஒரு இடி உருண்டு வந்தது. அவள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, "அர்ஜுனா, அர்ஜுனா" என்றாள். என் கையைப் பார்க்கவில்லை.

"எத்தனை?" என்றாள் பிறகு.

"நான் எண்ணலை."

"ஒம்பது" என்றாள்.

அதைச் சரிபார்க்க எனக்கு வழி கிடையாது. கீழே இறங்கி வந்து நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.